சிறு நிதி வங்கியின் பங்கை வாங்குமுன்: தருமபுரி, கிருஷ்ணகிரி முதலீட்டாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சிறு நிதி வங்கியின் பெயரைக் கேள்விப்படாத தெரு இன்று குறைவு. ஒரு வீட்டில் மகளிர் குழுக் கடன், அடுத்த வீட்டில் நகைக்கடன், அதற்கடுத்த வீட்டில் ஓய்வூதியப் பணத்தைப் போட்டுவைத்த வைப்புத்தொகை. பெரிய வங்கிகளைவிடக் கூடுதலாக வட்டி கிடைக்கிறது என்று வைப்புத்தொகை போட்டவர்கள், கொஞ்ச நாளில் அடுத்த கேள்விக்கு வந்துவிடுகிறார்கள்: இவ்வளவு வட்டி தரக்கூடிய வங்கி என்றால், அதன் பங்கையே வாங்கிவிடலாமே?

வாங்கலாம். ஆனால் வைப்பாளரும் பங்குதாரரும் ஒரே பக்கத்தில் நிற்பவர்கள் அல்லர் என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் வாங்க வேண்டும். வைப்பாளருக்குக் கிடைக்கும் கூடுதல் வட்டி பங்குதாரருக்குச் செலவு. வங்கி நொடித்தால் வைப்பாளருக்கு ஒரு வங்கிக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் அந்த வரம்பு நடைமுறையில் இருக்கிறது. பங்குதாரருக்கு அப்படி ஒரு பைசா காப்பீடும் கிடையாது.

கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு நடந்ததை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். வாராக்கடன் பெருகியதால் 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்துக் கண்காணிக்கும் பலவீனமான வங்கிகளுக்கான திருத்த நடவடிக்கைப் பட்டியலுக்குள் வந்தது. 2020 நவம்பர் 17 அன்று பணம் எடுக்க 25,000 ரூபாய் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. நவம்பர் 27 அன்று டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. வைப்பாளர்களின் பணம் முழுதாகத் தப்பித்தது. பங்கு மூலதனம் மொத்தமும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு இணைப்பில் ஒன்றுமே கிடைக்கவில்லை. கும்பகோணத்தில் 1904இல் பிறந்த சிட்டி யூனியன் வங்கியும், கரூரில் 1916இல் பிறந்த கரூர் வைசியா வங்கியும், தூத்துக்குடியில் 1921இல் பிறந்த தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியும் இன்றும் நடக்கின்றன. எல்லாமே நம் பக்கத்து வங்கிகள்தான். ஊர்ப் பெருமையும் வயதும் பங்குதாரரைக் காப்பாற்றாது. காப்பாற்றுவது கடன் கொடுத்த விதம்.

முதலில், எந்த வகை வங்கி என்று பாருங்கள்

கூட்டுறவு வங்கியில் பங்கு வைத்திருப்பவர் பலர் அதையும் பங்குச்சந்தைப் பங்கையும் ஒன்றாக நினைக்கிறார்கள். கூட்டுறவு வங்கிப் பங்கு என்பது உறுப்பினர் உரிமை. முகமதிப்புக்கு வாங்கி முகமதிப்புக்கே திருப்பித் தருவது, விலை ஏறாது, எவ்வளவு பங்கு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். இந்த வழிகாட்டி அதைப் பற்றியது அல்ல.

சிறு நிதி வங்கி என்பது 2015 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி 10 விண்ணப்பதாரர்களுக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் அளித்ததில் தொடங்கிய தனி இனம். சென்னையின் ஈக்விடாஸ், பெங்களூரின் உஜ்ஜீவன், ஜனா, திருச்சூரின் ஈசாஃப், வாரணாசியின் உத்கர்ஷ், நவி மும்பையின் சூர்யோதய் எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் பெரும்பாலானவை, ஏழைக் குடும்பங்களுக்குப் பிணையில்லாமல் சிறு தொகை தரும் குறுங்கடன் நிறுவனங்களாக இருந்து வங்கியானவை. இவற்றுக்கான விதிகளே இவற்றின் குணத்தைச் சொல்லிவிடும். கடன் தொகுப்பில் பாதியாவது 25 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு கடன்களாக இருக்க வேண்டும். விவசாயம், சிறு தொழில் போன்ற முன்னுரிமைத் துறைக்கு 75 சதவீதம் கொடுக்க வேண்டும் என்ற விதி, 2025 ஜூன் அறிவிப்பின்படி 60 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. மூலதனப் போதுமை விகிதம், அதாவது நட்டத்தைத் தாங்க வங்கியிடம் இருக்கும் மூலதனம் அதன் கடன்களின் ஆபத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பது, குறைந்தது 15 சதவீதம். பெரிய வங்கிகளுக்கு உள்ளதைவிட இது அதிகம். ஏன் அதிகம் வைத்தார்கள்? கொடுக்கும் கடன் பெரும்பாலும் பிணையில்லாதது, வாங்குபவர் வருமானம் நிலையில்லாதது என்பது ரிசர்வ் வங்கிக்குத் தெரியும். பங்கு வாங்கும் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடன் யாருக்குப் போகிறது: இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்

ஒவ்வொரு காலாண்டிலும் வங்கி தன் இணையதளத்திலும் பங்குச்சந்தையின் தளத்திலும் முதலீட்டாளர்களுக்கான விளக்கப் பக்கங்களை வெளியிடும். அதில் கடன் தொகுப்பு வகை வகையாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும்: குறுங்கடன், வீட்டுக் கடன், சொத்துப் பிணையில் தொழில் கடன், வாகனக் கடன், நகைக்கடன். குறுங்கடன் எத்தனை சதவீதம், மூன்று ஆண்டுகளுக்கு முன் எத்தனை சதவீதம் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அது குறைந்து, பிணையுள்ள கடன் வளர்ந்திருந்தால் வங்கி தன்னைப் பக்குவப்படுத்திக்கொள்கிறது என்று பொருள். நகைக்கடன் விகிதத்தையும் பாருங்கள். தங்கம் பெட்டியில் இருக்கும்வரை அந்தக் கடனில் தூக்கம் கெடாது.

அடுத்து, மாநில வாரியான பட்டியல். ஈக்விடாஸின் கடன்களில் கணிசமான பங்கு தமிழ்நாட்டில் இருக்கிறது. ஒரே மாநிலத்தில் கடன் குவிந்தால், ஒரு வெள்ளமோ ஒரு சட்டமோ மொத்தத்தையும் அசைக்கும். 2010 அக்டோபரில் ஆந்திரத்தில் வந்த அவசரச் சட்டம் அங்கே குறுங்கடன் வசூலைக் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டது. 2025 பிப்ரவரியில் கர்நாடகம் கட்டாய வசூலுக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு தமிழ்நாடும் சட்டமியற்றியது. இப்படிப்பட்ட சட்டங்கள் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகளைக் குறிவைப்பதில்லை. ஆனாலும் "கடன் கட்ட வேண்டாமாம்" என்ற பேச்சு ஊருக்குள் பரவியதும் எல்லோருடைய வசூலும் பாதிக்கப்படுகிறது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லை எவ்வளவு தூரம் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு, மும்பையில் உட்கார்ந்து அறிக்கை எழுதும் ஆய்வாளருக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. காரிமங்கலம் பக்கம் ஒரு ஊரில் குழுக் கூட்டம் நடக்கும் திண்ணைக்குக் காலையில் போய்ப் பாருங்கள். வசூல் அலுவலர் கையில் டேப்லெட்டுடன் உட்கார்ந்திருப்பார். பெண்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள். கவனிக்க வேண்டியவை மூன்று. எத்தனை பேர் நேரில் வந்தார்கள், எத்தனை பேர் அடுத்த வீட்டுக்காரரிடம் பணத்தைக் கொடுத்தனுப்பினார்கள்? வராதவருக்காக மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்டுகிறார்களா, அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களா? கட்டியவுடன் அந்தப் பெண் பையிலிருந்து எடுப்பது ஒரு கடன் அட்டையா, நான்கா? நான் பார்த்த கூட்டங்களில் எனக்கு அதிகம் சொன்னது இந்த மூன்றாவது கேள்விதான். ஒரு தவணைக்கான பணம் இன்னொரு கடனிலிருந்து வருகிறது என்றால், வங்கியின் ஏட்டில் அது 'ஒழுங்காகக் கட்டும் கணக்கு'. உண்மையில் அது தள்ளிப்போடப்பட்ட வாராக்கடன்.

2022இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்குத் தரும் பிணையில்லாக் கடன்தான் குறுங்கடன். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 2024இல் குறுங்கடன் நிறுவனங்களின் அமைப்பான எம்ஃபின், ஒருவருக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக் கூடாது என்று வரம்பு போட்டது. வரம்பு தேவைப்பட்டது என்பதே முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறது. விளக்கப் பக்கங்களில் 'நம் வங்கியோடு சேர்த்து நான்கு, அதற்கு மேல்' கடன் வைத்திருப்போர் விகிதத்தைச் சில வங்கிகள் வெளியிடுகின்றன. வெளியிடும் வங்கிக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுங்கள்.

ஆனால் ஒரு திண்ணையில் பார்த்ததை வைத்து முழு வங்கியையும் எடைபோடக் கூடாது. அந்தக் கிளை பல நூறு கிளைகளில் ஒன்று. நேரில் பார்த்தது எண்களைக் கேள்வி கேட்கக் கற்றுத் தரும், எண்களுக்கு மாற்றாகாது.

வாராக்கடன் விகிதம் ஏன் ஏமாற்றும்

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அது வாராக்கடன். செய்தித்தாளில் வருவது 'மொத்த வாராக்கடன் 3 சதவீதத்திலிருந்து 2.8 சதவீதமாகக் குறைந்தது' என்ற ஒரு வரி. அதோடு நிறுத்திவிடாமல் ஆண்டறிக்கையைத் திறந்து, கணக்குக் குறிப்புகளில் 'வாராக்கடன் நகர்வு' என்ற அட்டவணையைத் தேடுங்கள். அரைப் பக்கம்கூட இருக்காது.

ஒரு கற்பனை வங்கியை எடுத்துக்கொள்வோம். மொத்தக் கடன் 10,000 கோடி. ஆண்டுத் தொடக்கத்தில் வாராக்கடன் 300 கோடி. ஆண்டுக்குள் புதிதாகச் சேர்ந்தது 500 கோடி. வசூலானதும் ஒழுங்கானதும் 120 கோடி. கணக்கிலிருந்து நீக்கியது 400 கோடி. ஆண்டு இறுதியில் மிச்சம் 280 கோடி. விகிதம் 3லிருந்து 2.8க்கு இறங்கிவிட்டது, தலைப்புச் செய்தி நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டில் ஒவ்வொரு நூறு ரூபாய்க் கடனிலும் 5 ரூபாய் கெட்டுப்போனது. அதில் பெரும்பகுதியைக் காட்டாமல் செய்தது வசூல் அல்ல, 400 கோடி நீக்கம். அந்த 400 கோடி பங்குதாரர் பணம்.

ஆகவே நீங்கள் பின்தொடர வேண்டிய எண் 'புதிதாகச் சேர்ந்தது'. அதோடு, 1 முதல் 90 நாள் வரை தாமதமான கடன்களையும் பாருங்கள். 1–30, 31–60, 61–90 என்று மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள். இந்த அடுக்குகள் வீங்கினால் அடுத்த காலாண்டின் வாராக்கடன் இப்போதே தெரிந்துவிடும். கெட்ட கடன்களை, அவற்றை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருக்கிறார்களா, எவ்வளவு தள்ளுபடியில் விற்றார்கள் என்பதையும் அதே குறிப்புகளில் காணலாம். வங்கி சொன்ன வாராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கி ஆய்வில் கண்டதற்கும் பெரிய வேறுபாடு இருந்தால், அதையும் ஆண்டறிக்கையில் வெளியிட்டாக வேண்டும். அப்படியொரு வெளியீடு இருந்தால் நான் அந்தப் பங்கின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

லாபம் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது

அதே போன்ற 10,000 கோடி கடனுள்ள இன்னொரு வங்கி. கடன் வட்டியிலிருந்து வைப்பு வட்டியைக் கழித்த நிகர வட்டி வருமானம் 800 கோடி, இதர வருமானம் 150 கோடி. கிளை, சம்பளம், வசூல் செலவு 600 கோடி. மிச்சம் 350 கோடி. கெட்ட கடன்களால் வரும் நட்டத்துக்காக லாபத்திலிருந்து எடுத்துவைக்கும் ஒதுக்கீடு 250 கோடி. வரிக்கு முந்தைய லாபம் 100 கோடி.

இனி, கடனில் கூடுதலாக ஒரே ஒரு சதவீதம் கெட்டுப்போகிறது. அதற்கு முழு ஒதுக்கீடு செய்ய வேண்டும் என்று வையுங்கள். 100 கோடி லாபம் பூஜ்யம். இரண்டு சதவீதம் கெட்டால் 100 கோடி நட்டம். வசூல் நன்றாக இருக்கும் ஆண்டில் லாபம் இரட்டிப்பாவதும் இதே கணக்கால்தான். அதனால்தான் இந்தப் பங்குகள் நல்ல ஆண்டில் மலைக்க வைக்கின்றன, கெட்ட ஆண்டில் கலங்க வைக்கின்றன. ஒரே ஆண்டு லாபத்தைப் பார்த்து விலை மலிவு என்று முடிவுகட்டாதீர்கள். 2016 பணமதிப்பு நீக்கம், 2020 கொரோனா, 2024க்குப் பிந்தைய குறுங்கடன் நெருக்கடி ஆகியவற்றின்போது அந்த வங்கி எப்படி நடந்துகொண்டது என்று பாருங்கள். கெட்ட ஆண்டிலும் மூலதனம் திரட்டாமல் நின்ற வங்கி எனக்குப் பிடித்த வங்கி.

வைப்புப் பக்கம்

சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு இரண்டும் சேர்ந்து மொத்த வைப்பில் எத்தனை சதவீதம் என்பதைக் 'காசா விகிதம்' என்பார்கள். இது உயர்ந்தால் வங்கிக்குப் பணம் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு சிறு வங்கி ஊரிலேயே அதிக வட்டி தந்துதான் வைப்பு திரட்டுகிறது என்றால், வைப்பாளருக்கு அது நல்ல செய்தி. பங்குதாரர் கவலைப்பட வேண்டிய செய்தி. வைப்பில் தனிநபர் சிறு தொகைகள் எவ்வளவு, நிறுவனங்களின் பெருந்தொகை எவ்வளவு என்றும் பாருங்கள். வதந்தி வந்தால் முதலில் ஓடுவது பெருந்தொகை. நூறு ரூபாய் வைப்புக்கு எத்தனை ரூபாய் கடன் என்ற விகிதம் நூறை நெருங்கினால் வளர்ச்சிக்கு இனி புதுப் பணம் வேண்டும்.

ரிசர்வ் வங்கியே தந்த ஒரு சல்லடை

சிறு நிதி வங்கி முழுமையான வங்கியாக மாற 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நிபந்தனைகளை வெளியிட்டது. நிகர மதிப்பு குறைந்தது 1,000 கோடி. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்க வேண்டும். கடந்த இரண்டு நிதியாண்டுகளிலும் லாபம். இரண்டு ஆண்டுகளிலும் மொத்த வாராக்கடன் 3 சதவீதத்துக்குள், ஒதுக்கீட்டைக் கழித்த நிகர வாராக்கடன் 1 சதவீதத்துக்குள். 2025 ஆகஸ்டில் ஜெய்ப்பூரின் ஏயூ சிறு நிதி வங்கி கொள்கை அளவிலான ஒப்புதல் பெற்றது. நமக்கு இது இலவசமாகக் கிடைத்த சல்லடை. நீங்கள் பார்க்கும் வங்கி இந்த நிபந்தனைகளில் எதில் தவறுகிறது என்று எழுதிப் பாருங்கள். தவறும் வங்கியை வாங்கவே கூடாது என்றில்லை; ஆனால் தவறுவதற்கான விலைத் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

எந்த விலைக்கு வாங்குவது

வங்கிப் பங்குக்குப் புத்தக மதிப்புதான் அளவுகோல்: மூலதனமும் வங்கி சேர்த்துவைத்த லாபமும் சேர்ந்த தொகையைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. புத்தக மதிப்பு 100 ரூபாய், அதன்மேல் வங்கி ஆண்டுக்கு 15 சதவீதம் ஈட்டுகிறது என்றால் ஒரு பங்குக்கு லாபம் 15 ரூபாய். அந்தப் பங்கை 200 ரூபாய்க்கு வாங்கினால் உங்கள் பணத்தின்மேல் ஈட்டல் ஏழரை சதவீதம். அதே வங்கியின் வைப்புத்தொகை ஏறத்தாழ அவ்வளவு தந்துவிடக் கூடும், அதுவும் காப்பீட்டோடு. எதிர்கால வளர்ச்சிக்காகத்தான் கூடுதல் விலை தருகிறீர்கள். அந்த வளர்ச்சி வரும் என்பதற்கு உங்களிடம் என்ன காரணம் இருக்கிறது என்று ஒரு வரியில் எழுத முடிய வேண்டும்.

புத்தக மதிப்புக்குக் கீழே விற்கும் பங்கும் தானாக மலிவாகிவிடாது. 10 கோடி பங்குகள், புத்தக மதிப்பு 100 ரூபாய் உள்ள வங்கி நெருக்கடியில் 5 கோடி புதுப் பங்குகளை 60 ரூபாய்க்கு விற்றால், மொத்தம் 1,300 கோடி, 15 கோடி பங்குகள். புத்தக மதிப்பு சுமார் 87 ரூபாயாக இறங்கிவிடுகிறது. நீங்கள் எதுவும் செய்யாமலே 13 ரூபாய் போய்விட்டது. மூலதனப் போதுமை 15 சதவீதக் கோட்டை ஒட்டி வந்த வங்கியை நான் இதனால்தான் தவிர்க்கிறேன்.

எவ்வளவு பணம் போடுவது

நம் மாவட்டத்தில் வாழ்பவருக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். உங்கள் மாந்தோப்பும், பாலக்கோட்டுத் தக்காளிக் கொள்முதலும், பர்கூர் துணிக்கடையும், ஓசூர் சிப்காட் வேலையும் எந்தப் பொருளாதாரத்தைச் சார்ந்திருக்கின்றனவோ, அதே பொருளாதாரத்தைத்தான் இந்த வங்கிகளின் கடனாளிகளும் சார்ந்திருக்கிறார்கள். 2025 பருவத்தில் பெங்களூரா மாம்பழ விலை கடுமையாகச் சரிந்தபோது, தோப்புக்காரருக்கும் கூழ் ஆலைக்குப் பழம் ஏற்றியவருக்கும் அங்கே கூலி வேலை செய்தவருக்கும் ஒரே சமயத்தில் கை இறுகியது. உங்கள் வருமானம் குறையும் அதே மாதத்தில் உங்கள் பங்கும் விழும். எனவே தமிழ்நாட்டில் கடன் குவிந்த ஒரே வங்கியில் பணத்தைக் குவிக்காதீர்கள். மொத்தப் பங்கு முதலீட்டில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஒரு சிறு வங்கியில் வைக்க எனக்கு மனம் வராது.

நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கவே வேண்டாம். பெண்ணின் கல்யாணத்துக்கோ பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கோ குறித்த பணமும் வேண்டாம். யெஸ் வங்கியை 2020 மார்ச்சில் மீட்டபோது, நூறோ அதற்கு மேலோ பங்குகள் வைத்திருந்தவர்களின் பங்கில் 75 சதவீதம் மூன்று ஆண்டுகளுக்கு விற்க முடியாதபடி முடக்கப்பட்டது. வேண்டும்போது விற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் வங்கிப் பங்கில் நிச்சயமில்லை.

வாங்கும் வழிமுறை எளிது: பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு, அதில் நியமனதாரர் பெயர், எந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று குறித்த ஆர்டர். வாட்ஸ்அப் குழுவில் வரும் 'உறுதியான தகவல்' எதையும் நம்ப வேண்டாம். ஆலோசனை சொல்பவர் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு பெற்றவரா என்று செபியின் தளத்தில் தேடிப் பார்க்கலாம். தாத்தா காலத்துக் காகிதப் பங்குச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் முதலில் அதை டீமேட்டுக்கு மாற்றுங்கள். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை விற்றுப் பெயர் மாற்ற முடியாது. ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை கோரப்படாத பங்குகள் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம்.

வாங்கிய பிறகு

காலாண்டு முடிந்த 45 நாளுக்குள் முடிவுகள் வரும். ஆண்டு முடிவுகளுக்கு 60 நாள். ஒரு நோட்டில் ஆறே எண்கள் போதும்: புதிய வாராக்கடன், 90 நாளுக்குட்பட்ட தாமதம், ஒதுக்கீடு, நிகர வட்டி வரம்பு (கடனிலும் முதலீட்டிலும் போட்ட பணத்தில் நிகர வட்டி வருமானம் எத்தனை சதவீதம் என்பது), காசா விகிதம், மூலதனப் போதுமை. முடிவுகளுக்குப் பின் நிர்வாகம் ஆய்வாளர்களோடு பேசும் உரையாடலின் எழுத்து வடிவமும் கிடைக்கும். எந்தக் கேள்விக்கு நேரடிப் பதில் வரவில்லை என்பதைக் குறித்துவையுங்கள். அடுத்த காலாண்டிலும் அதே கேள்வி நழுவினால் அங்கே ஏதோ இருக்கிறது.

எப்போது விற்பது என்பதை வாங்கும் அன்றே எழுதிவிடுங்கள். என் பட்டியல் இது. புதிய வாராக்கடன் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் ஏறினால் பாதியை விற்பேன். தணிக்கையாளர் பதவிக்காலம் முடியுமுன் விலகினால், காரணம் என்ன சொன்னாலும் முழுதும் விற்பேன். வங்கித் தலைவரின் நியமனத்துக்கு ரிசர்வ் வங்கி ஒப்புதல் வேண்டும். வங்கி கேட்ட காலத்தைவிடக் குறைத்துத் தந்தால் அதையும் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்வேன். 2018 செப்டம்பரில் யெஸ் வங்கித் தலைவரின் பதவிக்காலத்தை 2019 ஜனவரி 31உடன் முடித்துக்கொள்ளச் சொன்னது ரிசர்வ் வங்கி. அந்த வங்கியில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது 2020 மார்ச்சில். இடையில் ஓராண்டுக்கும் மேல் அவகாசம் இருந்தது.

விற்கும்போது வரியையும் கணக்கில் வையுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாயைத் தாண்டிய லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் லாபம் முழுவதற்கும் 20 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் நடக்கும் விற்பனைக்கு இதுதான் விகிதம். ஆனால் மேலே சொன்ன அறிகுறி எதுவும் தெரிந்துவிட்டால், வரி மிச்சமாகட்டும் என்று ஓராண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.